ஏழு டைபிரேக்கர்கள், ஒரு கோப்பை: 2024 ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையர் – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி 27 அன்று மெல்போர்னின் ராட் லேவர் அரங்கில், ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸின் ஆடவர் இரட்டையர் இறுதியில், இந்தியாவின் ரோகன் போபண்ணாவும் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனும் இத்தாலியின் சிமோன் பொலெல்லி – ஆண்ட்ரியா வாவசோரி ஜோடியை 7-6 (7-0), 7-5 என்று வென்றார்கள். ஆட்டம் ஒரு மணி 39 நிமிடங்கள் நடந்தது. போபண்ணாவுக்கு அப்போது வயது 43. ஓபன் எராவில், அதாவது 1968க்குப் பிறகு, இவ்வளவு வயதில் எந்த ஆணும் கிராண்ட்ஸ்லாம் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றதில்லை. அதற்கு முந்தைய சாதனை நெதர்லாந்தின் ஜான்-ஜூலியன் ரோயருடையது. 2022 பிரெஞ்சு ஓபனை வென்றபோது அவருக்கு 40.

அந்த 43 என்ற எண்தான் எல்லோர் வாயிலும் இருந்தது. நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு வார ஸ்கோர்களையும் வரிசையாக எழுதிவைத்துக் கூட்டிப் பார்த்தால், வயதைவிட வினோதமான வேறு ஓர் எண் கிடைக்கிறது. இந்த ஜோடி ஆறு ஆட்டங்களில் 14 செட்கள் ஆடியது. 12 செட்களை வென்றது, இரண்டை இழந்தது. அந்தப் பதினான்கில் சரிபாதி, ஏழு செட்கள், டைபிரேக்கருக்கு, அதாவது 6-6 என்று சமமான செட்டைப் புள்ளிக் கணக்கில் முடித்துவைக்கும் ஒற்றைக் கேமுக்கு, போயின. ஏழையும் இவர்களே வென்றார்கள்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். இரண்டாம் சுற்று மட்டும் சுலபமான வெற்றி. அதைத் தள்ளிவிட்டு, மீதி ஐந்து ஆட்டங்களில் டைபிரேக்கர்களையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, சாதாரண கேம்களை மட்டும் எண்ணினால் போபண்ணா – எப்டன் வென்றவை 68, எதிராளிகள் வென்றவை 66. சாம்பியனுக்கும் தோற்றவர்களுக்கும் இடையே ஐந்து ஆட்டங்களில் இரண்டே கேம் வித்தியாசம். கோப்பை இவர்கள் கையில் வந்ததற்கான காரணத்தை அந்த 134 கேம்களில் தேடினால் கிடைக்காது. ஏழு டைபிரேக்கர்களில்தான் தேட வேண்டும்.

ஆட்ட முறை

கிராண்ட்ஸ்லாம் ஆடவர் இரட்டையரில் 64 ஜோடிகள் களமிறங்கும், ஆறு சுற்றுகள். மூன்றில் இரண்டு செட் வென்றால் ஆட்டம் முடிந்தது. செட் 6-6 ஆனால் ஏழு புள்ளி டைபிரேக்கர் (குறைந்தது ஏழு புள்ளி, அதுவும் இரண்டு புள்ளி முன்னிலையோடு எடுத்தால்தான் செட்); மூன்றாவது செட்டிலும் 6-6 ஆனால் பத்து புள்ளி டைபிரேக்கர். கடைசி செட்டுக்கான இந்த விதி 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் ஒன்றே.

ஆடவர் டென்னிஸ் அமைப்பான ஏடிபி நடத்தும் டூரின் மற்ற போட்டிகளில் இரட்டையர் விதிகள் வேறு. அங்கே டியூஸ் (கேமில் இரு பக்கமும் மூன்று மூன்று புள்ளி) வந்தால் அடுத்த ஒரே புள்ளி கேமைத் தீர்மானித்துவிடும்; மூன்றாவது செட்டே கிடையாது, அதற்குப் பதில் பத்து புள்ளி டைபிரேக்கர் மட்டும். கிராண்ட்ஸ்லாமில், டியூஸுக்குப் பிறகு இரண்டு புள்ளி முன்னிலை பெற்றால்தான் கேம் என்ற பழைய அட்வான்டேஜ் முறை இன்னும் நடப்பில் இருக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நம் கேள்விக்கு இது முக்கியம். சர்வீஸ் செய்யும் ஜோடி ஒவ்வொரு புள்ளியையும் வெல்ல 65 சதவீத வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், டூர் முறையில் அவர்கள் தங்கள் கேமைக் காப்பாற்றும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம். அட்வான்டேஜ் முறையில் அதுவே சுமார் 83. கேம் நீள நீள சர்வீஸ் செய்பவர்களின் கை ஓங்குகிறது. ஒரு கேமில் மூன்று சதவீதம் ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு செட்டில் பன்னிரண்டு கேம்களில் அது சேரும்போது பிரேக் (எதிராளியின் சர்வீஸ் கேமைப் பறிப்பது) குறையும், 6-6 அதிகமாகும்.

நல்ல சர்வீஸ், நெட்டருகே நல்ல கைகள், இரண்டும் உள்ள ஜோடிகள் மோதினால் செட் டைபிரேக்கருக்குத்தான் போகும். மெல்போர்னில் பாதி செட்கள் அப்படிப் போனதில் ஆச்சரியமில்லை. ஏழும் ஒரே பக்கம் விழுந்ததுதான் ஆச்சரியம்.

ஜோடி சேர்ந்த கதை

போபண்ணா குடகுக்காரர். 2010 அமெரிக்க ஓபன் இறுதியில் பாகிஸ்தானின் ஐசாம்-உல்-ஹக் குரேஷியுடன் ஆடி பிரையன் சகோதரர்களிடம் 7-6 (7-5), 7-6 (7-4) என்று தோற்றார். இரண்டு செட், இரண்டு டைபிரேக்கர், இரண்டும் கைவிட்டுப் போயின. 2017 பிரெஞ்சு ஓபனில் கனடாவின் கேப்ரியேலா டாப்ரோவ்ஸ்கியுடன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். அந்த இறுதியும் 12-10 என்ற டைபிரேக்கரில் முடிந்ததுதான். ஆடவர் இரட்டையர் பட்டம் மட்டும் அகப்படவில்லை. ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையரில் 2024க்கு முன் அவர் மூன்றாம் சுற்றைத் தாண்டியதே இல்லை.

முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்துபோன ஆள் அவர். வலி மாத்திரையோடு காலம் ஓட்டியவர், ஐயங்கார் யோகாவுக்கு மாறிய பிறகு கால் தேறியதாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். 2021இல் மாதக்கணக்கில் வெற்றியே இல்லாமல் போனபோது ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று மனைவிக்கு வீடியோ செய்தி அனுப்பியதையும் மெல்போர்ன் மேடையில் நினைவுகூர்ந்தார்.

எப்டனின் கதை இந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடுபவர், போபண்ணாவைவிட ஏழு வயதுக்கு மேல் இளையவர். 2022 விம்பிள்டனை மாக்ஸ் பர்செலுடன் சேர்ந்து வென்றார். அப்போது விம்பிள்டன் ஆடவர் இரட்டையரில் மட்டும் ஐந்து செட் முறை இருந்தது; அந்த இறுதியும் ஐந்து செட் போனது. ஐந்தாவது செட் டைபிரேக்கரில் 10-2. அந்தத் தொடரில் அரையிறுதியில் மட்டும் ஐந்து மேட்ச் பாயின்ட்களைக் காப்பாற்றிவிட்டுத்தான் இறுதிக்கே வந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் நிக் கிரியோஸ் – தனாசி கொக்கினாகிஸ் ஜோடியிடம் தோற்றவர்களும் இதே எப்டன் – பர்செல்தான்.

போபண்ணாவும் எப்டனும் 2023 தொடக்கத்தில் சேர்ந்தார்கள். மார்ச்சிலேயே இண்டியன் வெல்ஸ் பட்டம். இறுதியில் வெஸ்லி கூல்ஹாஃப் – நீல் ஸ்குப்ஸ்கிக்கு எதிராக டைபிரேக்கர் 10-8. செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதி வரை போனார்கள். முதல் செட்டை 6-2 என்று எடுத்தும் ராஜீவ் ராம் – ஜோ சாலிஸ்பரியிடம் 3-6, 4-6 என்று அடுத்த இரண்டையும் விட்டார்கள். மூன்றாவது செட்டில், பந்து நெட்டைத் தாண்டுமுன் தன் கையில் உரசியதாக யாரும் கேட்காமலே போபண்ணா நடுவரிடம் சொல்லிப் புள்ளியை விட்டுக்கொடுத்ததும் அந்த ஆட்டத்தில்தான்.

2024 ஜனவரியில், மெல்போர்னுக்கு முந்தைய வாரம், அடிலெய்டு இறுதியில் மறுபடி ராம் – சாலிஸ்பரி. 5-7, 7-5, அப்புறம் டைபிரேக்கரில் 9-11. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு டைபிரேக்கர்களை வரிசையாக வென்ற ஜோடி, அதற்குச் சில நாள் முன்புதான் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஒரு பட்டத்தை விட்டிருந்தது.

ஆறு சுற்றுகள்

இரண்டாம் தரநிலை பெற்ற ஜோடியாகப் போட்டியைத் தொடங்கினார்கள். தொடக்கமே தகராறு. முதல் சுற்றில் உள்ளூர்க்காரர்கள் ஜேம்ஸ் டக்வொர்த் – மார்க் போல்மன்ஸ். ஸ்கோர் 7-6 (7-5), 4-6, 7-6 (10-2). டைபிரேக்கர்களை எடுத்துவிட்டால் டக்வொர்த் ஜோடி 18 கேம்களும் இவர்கள் 16 கேம்களும் வென்றிருக்கிறார்கள். அதாவது களத்தில் பிரேக் கணக்கில் முன்னால் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். முதல் செட் டைபிரேக்கரில் ஓரிரு பந்துகள் மாறி விழுந்திருந்தால், இரண்டாவது செட்டோடு இந்தக் கதை முடிந்திருக்கும். 43 வயது, சாதனை, தலைப்புச் செய்தி எதுவும் இருந்திருக்காது.

இரண்டாம் சுற்றில் ஜான் மில்மன் – எட்வர்ட் வின்டர் ஜோடி 6-2, 6-4 என்று வீழ்ந்தது. மில்மன் விடைபெறும் தொடர் அது. ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக எதுவும் இல்லை.

மூன்றாம் சுற்று இந்த ஆய்வின் மையம் என்றே சொல்வேன். எதிரில் கூல்ஹாஃபும் குரோஷியாவின் நிகோலா மெக்டிச்சும். இருவரும் இரட்டையரில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், இருவரும் உலகின் முதலிடத்தில் இருந்தவர்கள். 2022 விம்பிள்டன் இறுதியில் எப்டனிடம் 10-2 என்று கடைசி டைபிரேக்கரை இழந்த ஜோடியில் ஒருவர் மெக்டிச். இண்டியன் வெல்ஸ் இறுதியில் 10-8 என்று இழந்தவர்களில் ஒருவர் கூல்ஹாஃப். அவர்கள் இருவரும் சேர்ந்து மெல்போர்னில் வந்து நின்று 7-6 (10-8), 7-6 (7-4) என்று தோற்றார்கள். இரண்டு செட்டிலும் சேர்த்து சாதாரண கேம்கள் 12-12, துளி வித்தியாசம் கிடையாது. 10-8 என்று முடிந்தது ஏழு புள்ளி டைபிரேக்கர் என்பதைக் கவனிக்க வேண்டும்: 6-6, 7-7, 8-8 என்று மூன்று தடவை சமமாகி, ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் செட் பாயின்ட்டில் நின்று அது நழுவியிருக்கிறது.

காலிறுதியில் அர்ஜென்டினாவின் மாக்சிமோ கொன்சாலஸ் – ஆந்த்ரேஸ் மோல்தேனி, 6-4, 7-6 (7-5). இந்த வெற்றியோடு போபண்ணாவின் முதல் தரவரிசை உறுதியானது. கோப்பை கைக்கு வருவதற்கு முன்பே, கணக்குப்படி அவரை யாரும் முந்த முடியாது என்றாகிவிட்டது. லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி, சானியா மிர்சாவுக்குப் பிறகு இரட்டையரில் முதலிடம் பிடித்த நான்காவது இந்தியர். இரட்டையர் தரவரிசை ஜோடிக்கு அல்ல, தனித்தனி ஆளுக்கு என்பதால் எப்டன் அன்று முதலிடத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. மார்ச்சில்தான் அவருக்கும் அது கிடைத்தது.

அரையிறுதியில் செக் நாட்டின் டோமாஸ் மஹாச், சீனாவின் ஜாங் ஜிஷென். ஒற்றையர் ஆட்டக்காரர்கள் இருவர் சேர்ந்த ஜோடி, தரநிலையும் கிடையாது. இப்படிப்பட்ட ஜோடிகள் ஆபத்தானவை. பின்கோட்டிலிருந்து அவர்கள் அடிக்கும் வேகம் வழக்கமான இரட்டையர்க்காரர்களிடம் இருக்காது. நெட்டில் நிற்பவரைக் குறிவைத்தே அடிப்பார்கள். 6-3, 3-6, 7-6 (10-7). சாதாரண கேம்கள் 15-15. மறுபடியும் அதே சமநிலை, மறுபடியும் அதே தீர்வு.

7-0 எப்படி நடக்கும்

இறுதியின் முதல் செட் டைபிரேக்கரை உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

டைபிரேக்கரில் முதல் புள்ளிக்கு ஒருவர் சர்வீஸ் செய்வார். அதன் பிறகு இரண்டிரண்டு புள்ளிகளாக மாறும். நான்கு பேரும் செட்டில் வந்த அதே வரிசையில் வருவார்கள். ஆக முதல் ஏழு புள்ளிகளில் 1, 4, 5 ஒரு ஜோடியின் சர்வீஸ். 2, 3, 6, 7 மற்ற ஜோடியின் சர்வீஸ். யார் தொடங்கினாலும் சரி, இரண்டு பக்கத்திலும் இருவரும் சர்வீஸ் செய்துவிடுவார்கள். எனவே 7-0 என்றால் பொலெல்லி, வாவசோரி இருவரும் சர்வீஸ் போட்டார்கள், இருவராலும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். அதற்கு முன் அதே செட்டில் ஆறு கேம்களை வென்று வந்தவர்கள் அவர்கள்.

சர்வீஸ் செய்யும் ஜோடி பொதுவாக மூன்றில் இரண்டு புள்ளியை எடுக்கும் ஆட்டத்தில், ரிட்டர்னில் குறைந்தது மூன்று புள்ளிகள் வரிசையாகக் கிடைப்பது எப்படி? இரட்டையர் ரிட்டர்ன் ஒற்றையர் ரிட்டர்ன் போன்றதல்ல. பந்தை உள்ளே போட்டால் போதாது. நெட்டில் ஒருவர் நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கி, நீட்டி, தான் குறுக்கே பாய்வேனா இல்லையா என்று சர்வீஸ் செய்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ரிட்டர்ன் செய்பவருக்கு அது தெரியாது. சில வேளை அவர் நடுக்கோட்டில் குனிந்து உட்கார்ந்து, எந்தப் பக்கம் போவார் என்பதையே மறைப்பார். இந்தச் சூழலில் ரிட்டர்ன் செய்பவர் பந்தைத் தாழ்வாக, நெட்டை உரசுமாப்போல், முன்னேறி வரும் சர்வரின் காலடியில் இறக்க வேண்டும். அவர் கீழேயிருந்து பந்தைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிய அடுத்த நொடி, ரிட்டர்ன் செய்தவரின் கூட்டாளி நெட்டிலிருந்து அதை அறைந்துவிடுவார். புள்ளியை முடிப்பது ஒருவர், அதைச் சம்பாதிப்பது இன்னொருவர்.

எப்டனின் பலம் இந்த இடத்தில்தான். அவர் ரிட்டர்ன் கனமானது அல்ல, ஆனால் தவறாமல் கீழே விழும். நெட்டில் கை வேகமும் அதிகம். போபண்ணாவின் பலம் வேறு: பெரிய சர்வீஸ், ஒற்றைக் கையால் அடிக்கும் பேக்ஹேண்ட், ஒரே அடியில் புள்ளியை முடிக்கும் கனம். முழங்கால் காரணமாகக் களத்தில் நிறைய ஓட முடியாத ஒருவருக்கு, பந்து குறைந்த அடிகளில் முடிவது பெரிய வசதி. இப்படி ஒருவர் பந்தைத் தாழ வைக்க, ஒருவர் ஓங்கி அடிக்க என்று வேலை பிரிந்திருந்தது. டைபிரேக்கரில் இந்தப் பிரிவினை வேலை செய்யும் என்பதற்குக் காரணம் உண்டு: அங்கே ஒரு மினி பிரேக், அதாவது எதிராளியின் சர்வீஸில் எடுக்கும் ஒரு புள்ளி, போதும். ஒரு கேமை உடைக்க நான்கு புள்ளி வேண்டும். டைபிரேக்கரை உடைக்க ஒரு நல்ல ரிட்டர்னே போதும், மீதியைச் சர்வீஸ் பார்த்துக்கொள்ளும்.

இதைக் கணக்கிலும் காட்டலாம். 7-5 என்று முடியும் டைபிரேக்கரில் 12 புள்ளிகள், இரு பக்கமும் ஆறு ஆறு சர்வீஸ். வென்றவர் தோற்றவரைவிடச் சரியாக ஒரே ஒரு மினி பிரேக் கூடுதலாகப் பெற்றிருப்பார், அவ்வளவுதான். 10-8லும் அதே கதை. இவர்களுடைய ஏழில் மூன்று (முதல் சுற்று, மூன்றாம் சுற்று, காலிறுதி) இப்படி ஒற்றை மினி பிரேக்கில் முடிந்தவை. 7-4, 10-7 இரண்டும் ஒன்று அல்லது இரண்டு மினி பிரேக். அடித்து நொறுக்கியது என்று சொல்லத்தக்கவை 10-2, 7-0 ஆகிய இரண்டு மட்டுமே.

இறுதியின் இரண்டாவது செட்டும் இன்னொரு டைபிரேக்கரை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. 5-5இல், பதினோராவது கேமில் பிரேக் கிடைத்தது. அடுத்த கேமைக் காப்பாற்றினார்கள், முடிந்தது.

அதிர்ஷ்டத்தின் பங்கு

ஏழு டைபிரேக்கர்களையும் நாணயச் சுண்டலாக எடுத்துக்கொண்டால், ஏழும் ஒரே பக்கம் விழ 128இல் ஒரு வாய்ப்பு. சரி, இவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நல்ல ஜோடி, ஒவ்வொரு டைபிரேக்கரிலும் 60 சதவீத வாய்ப்பு என்போம். அப்போதும் ஏழையும் வெல்லும் வாய்ப்பு 3 சதவீதத்துக்குக் கீழே. தாராளமாக 70 சதவீதம் கொடுத்தாலும் 8 சதவீதத்தைச் சற்றே தாண்டும். எந்தக் கணக்குப் போட்டாலும் அந்த இரண்டு வாரங்களில் பாக்கியம் அவர்கள் பக்கம் நின்றது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஏழும் கட்டாயம் வென்றே ஆக வேண்டியவை அல்ல. மூன்றாம் சுற்றில் ஒன்றை இழந்திருந்தால் மூன்றாவது செட் இருந்திருக்கும். காலிறுதியிலும் இறுதியிலும் அப்படியே. உயிர் போகும் டைபிரேக்கர்கள் மூன்றே: முதல் சுற்றின் இரண்டும், அரையிறுதியின் கடைசியும். முதல் சுற்றின் முதல் டைபிரேக்கர் அன்று அப்படித் தெரிந்திருக்காது. இரண்டாவது செட்டை இழந்த பிறகுதான் அதன் மதிப்பு புரிகிறது. மூன்றை மட்டும் எண்ணினால் நாணயக் கணக்கில்கூட எட்டில் ஒரு வாய்ப்பு. அது நடக்கக்கூடியதுதான்.

அந்த மூன்றில் கடைசி செட்டில் வந்த இரண்டும் 10-2, 10-7 என்று முடிந்ததையும் பார்க்க வேண்டும். நெருக்கடி கூடக் கூட இவர்களின் வித்தியாசம் குறையவில்லை. இதை வைத்துப் போபண்ணாவின் அனுபவம், பக்குவம் என்று நிறையப் பேசினார்கள். தனக்கு வயது 43 இல்லை, லெவல் 43 என்று போபண்ணாவே வேடிக்கையாகச் சொன்னதும் அந்தப் பேச்சுக்குத் தோதாகப் போயிற்று. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். அனுபவம்தான் காரணம் என்றால், அதே அனுபவத்தோடு அதே மாதத்தில் அடிலெய்டில் 9-11 என்று தோற்றது ஏன்? பக்குவம் ஒரு வாரத்தில் வந்துவிடாது.

2022 விம்பிள்டன் இறுதியின் அந்த 10-2ஐயும் சேர்த்துப் பார்த்தால், என் பார்வையில், டைபிரேக்கர் கைகூடும் ஆள் என்று ஒருவரை இந்த ஜோடியில் சுட்டவேண்டுமானால் எப்டனைத்தான் சுட்டவேண்டும். செய்திகளில் "போபண்ணாவும் அவருடைய ஜோடியும்" என்று அடங்கிப்போன பெயர் அது. நம் ஊர்ச் செய்திகளில் இந்தியர் முன்னால் வருவது இயல்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிகழ்வை ஆராயும்போது கணக்கு வேறு பக்கம் கைகாட்டுகிறது.

பரிசுப் பணத்தையும் இங்கே ஒரு வரி சொல்லிவிடலாம். ஜோடிக்கு 7,30,000 ஆஸ்திரேலிய டாலர், இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். அதே தொடரில் ஒற்றையர் சாம்பியன் யானிக் சின்னருக்கு 31,50,000. முழங்கால் தேய்ந்தும் இருபது வருடம் இரட்டையர் ஆடுகிறவர்கள் ஏன் பயிற்சியாளர், பிசியோ செலவை எண்ணி எண்ணிச் செய்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

பிறகு நடந்தவை

மார்ச்சில் மியாமி பட்டம். இறுதியில் இவான் டோடிக் – ஆஸ்டின் கிராய்செக்கிடம் முதல் செட் டைபிரேக்கரை 3-7 என்று இழந்தும், 6-3, 10-6 என்று மீண்டார்கள். ஜூனில் பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் மீண்டும் பொலெல்லி – வாவசோரி. இம்முறை இத்தாலியர்கள் 7-5, 2-6, 6-2 என்று வென்றார்கள். ஸ்கோரைப் பார்த்தால் ஒன்று புரியும்: மூன்று செட்டில் ஒரு டைபிரேக்கர்கூட இல்லை. களிமண்ணில் சர்வீஸ் மெதுவாகும், ரிட்டர்ன் எளிதாகும், செட் 6-6 வரை போகாமலே முடிந்துவிடும். மெல்போர்னின் வேகமான தரையில் இவர்களைக் காப்பாற்றிய அந்த ஆயுதத்தைப் பாரிஸில் உருவவே வாய்ப்பு வரவில்லை. அமெரிக்க ஓபனில் கொன்சாலஸ் – மோல்தேனியிடம் 1-6, 5-7. அங்கும் டைபிரேக்கர் இல்லை. மெல்போர்னில் தோற்ற இரண்டு ஜோடிகளும் ஆண்டு முடிவதற்குள் கடனைத் தீர்த்துவிட்டன, இரண்டும் டைபிரேக்கருக்கு இடம் கொடுக்காமல்.

அந்த ஆண்டோடு ஜோடி பிரிந்தது. 2025 ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போபண்ணா கொலம்பியாவின் நிக்கோலஸ் பாரியன்டோஸுடன் வந்தார். முதல் சுற்றிலேயே ஸ்பெயினின் பெத்ரோ மார்டினெஸ் – ஜாமே முனாரிடம் 5-7, 6-7 என்று தோல்வி, டைபிரேக்கர் 5-7. சரியாக ஒரு மினி பிரேக்.

எப்டன் 2024 ஆகஸ்டில் ஜான் பியர்ஸுடன் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் நின்றார். அதே ஒலிம்பிக்கில் எதிர்பாராமல் ஒற்றையரிலும் இறக்கப்பட்டு, ஜோகோவிச்சிடம் 0-6, 1-6 என்று அடிவாங்கியிருந்தார். அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசியும் திரிந்தார். இரட்டையர் இறுதியில் எதிரில் இருந்தவர்கள் கிராய்செக்கும், அடிலெய்டிலும் நியூயார்க்கிலும் அவரை வென்ற அதே ராஜீவ் ராமும். முதல் செட் டைபிரேக்கர் 6-8 என்று போயிற்று. இரண்டாவது செட் டைபிரேக்கர் 7-1. கடைசியில் பத்து புள்ளி டைபிரேக்கர் 10-8, தங்கப் பதக்கம். களிமண் தரையில்.